லண்டனில் ஒரு சின்ன புளூஸ் கிளப்பைத் தேடிப் பிடிப்பது எப்படி: முள்ளியவளையிலிருந்து போகிறவர்களுக்கு

போன ஐப்பசியில் ஈஸ்ட் ஹாமில் அக்கா வீட்டில் மூன்று கிழமை நின்றேன். அத்தான் கூட்டிக்கொண்டு போன இடங்கள் எல்லாம் நீங்கள் படத்தில் பார்த்த இடங்கள்தான். பிக் பென், டவர் பிரிட்ஜ், ஒரு கோவில், பிறகு இன்னொரு கோவில். எனக்கோ ஒரு இரவாவது நேரில் இருந்து புளூஸ், அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த அந்தப் பாட்டு வகையைக் கேட்க வேண்டும் என்ற ஆசை. இரண்டு தரம் போய் ஏமாந்தேன், மூன்றாம் தரம்தான் சரிவந்தது. ஊரிலிருந்து சொந்தக்காரரிடம் போகிறவர்களுக்கு அந்த முதல் இரண்டு இரவும் மிச்சமாகட்டும் என்று இதை எழுதுகிறேன். விசா, சிம் காட், குளிர் உடுப்புக் கதை எல்லாம் இதில் இல்லை.

படி 1: தேடும் சொல்லைத் திருத்துங்கள்

கூகிளில் வெறுமனே ‘புளூஸ் லண்டன்’ என்று அடித்தால் செல்சி கால்பந்து அணியும் வரலாம், ஏனென்றால் அவர்களுக்கும் அதே பட்டப்பெயர். ‘லைவ் புளூஸ்’, ‘புளூஸ் ஜாம்’ என்று அடியுங்கள். ஜாம் என்றால் வந்திருக்கிற வாத்தியக்காரர் யாரும் பெயர் கொடுத்து மேடையேறலாம்.

புளூஸ் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. பெரும்பாலான பாட்டுகளில் முதல் அடியைப் பாடி, அதையே திருப்பிப் பாடி, மூன்றாம் அடியில் பதில் சொல்வார்கள். 12 பார் (தாளத்தில் ஒரு பகுதியை பார் என்பார்கள்), ஒவ்வொன்றிலும் நாலு தட்டு, ஆக 48 தட்டில் ஒரு சுற்று முடிந்து மறுபடி தொடங்கும். கோவலன் கூத்தில் அண்ணாவியார் பாடியதைப் பிற்பாட்டுக்காரர் திருப்பி எடுப்பதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது கஷ்டமே இல்லை. ஆனால் தயவுசெய்து இதை ஒப்பாரி என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் கேட்டவற்றில் பாதி, பெண்சாதியிடம் அகப்பட்டு முழிக்கிற புருஷனின் பகிடிப் பாட்டு.

படி 2: திகதி, திகதி, திகதி

நான் விழுந்த குழி இதுதான், கொஞ்சம் ஆறுதலாக வாசியுங்கள்.

முதல் இரவு, ‘லண்டனின் சிறந்த பத்து இசைக் கிளப்புகள்’ மாதிரி ஒரு பட்டியலை நம்பிப் போனேன். நல்ல படங்கள், நல்ல எழுத்து. போய்ப் பார்த்தால் அந்த இலக்கத்தில் கோப்பிக் கடை. கிளப் மூடி எத்தனையோ வருசமாம். பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் இருந்த திகதியை நான் பார்க்கவே இல்லை. இரண்டாம் தரம் அத்தானையும் இழுத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை தோறும் புளூஸ் என்று போட்டிருந்த ஒரு பப்புக்குப் போனேன். அன்றைக்கு அங்கே பொது அறிவுப் போட்டி. வந்ததற்கு இருந்து எழுதுவோம் என்று உட்கார்ந்தோம். இலங்கையின் தலைநகர் எது என்று ஒரு கேள்வி வந்தது. அத்தான் நெஞ்சை நிமிர்த்தி ‘ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டை’ என்று எழுதினார். கொழும்புதான் சரி என்று பிழை போட்டார்கள். அந்தக் கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, இதைத் தவிர்ப்பது எப்படி? இப்போது நான் மூன்று இடத்தில் சரிபார்க்கிறேன். முதலில் கிளப்பின் சொந்தப் பக்கத்தில் இந்த மாத நாட்காட்டி இருக்க வேண்டும். ‘கிழமை தோறும்’ என்று பொதுவாகப் போட்டிருந்தால் நம்பாதீர்கள், திகதியோடு இசைக்குழுவின் பெயரும் வேண்டும். அடுத்து, அந்தக் குழுவின் இன்ஸ்டகிராமில் அதே திகதி, அதே இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கிளப்காரர் மறந்தாலும் வாசிக்கிறவர் தன் கச்சேரியைப் போட மறக்கமாட்டார். என்னைக் கேட்டால் கூகிள் மேப் வழி பார்க்க மட்டும்தான், பாட்டுத் தேட இன்ஸ்டகிராம். மூன்றாவதாக, அன்று பின்னேரம் ஒரு கோல் எடுங்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, ஒரே கேள்விதான்: ‘முதல் செட் எத்தனை மணிக்கு?’ செட் என்றால் இடைவேளை விட்டு விட்டு வாசிக்கிற ஒவ்வொரு பகுதி.

‘டோர்ஸ் 7’ என்று போட்டிருந்தால் ஏழு மணிக்குக் கதவு திறக்கும், அவ்வளவுதான். பாட்டுத் தொடங்க எட்டரை, ஒன்பது ஆகலாம். நம்மூர் நோட்டீஸில் இரவு எட்டு மணிக்குக் கூத்து என்றால் எத்தனை மணிக்குப் பாயோடு வெளிக்கிடுவோம்? அதே கணக்கு. ஆனால் ஒரு வித்தியாசம், இங்கே பிந்திப் போனால் பாய் விரிக்க இடமிருக்காது.

படி 3: இடமும் வழியும்

எனக்குச் சரிவந்த இடம் சோஹோவில் கிங்லி தெருவில் இருக்கிற ‘எய்ன்ட் நத்திங் பட்’. 1993இலிருந்து நடக்கிறது. ரீஜன்ட் தெருவுக்குப் பின்னால், கார்னபி தெருவுக்குச் சமாந்தரமாக ஓடுகிற ஒடுங்கின தெரு. ஈஸ்ட் ஹாமிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைன் எடுத்து மைல் எண்டில் இறங்கினால், அதே மேடையின் மறுபக்கம் சென்ட்ரல் லைன். படியேற வேண்டாம். ஒக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸில் இறங்கிக் கொஞ்சம் நடை.

அதே சென்ட்ரல் லைனில் மேற்கே ஒரு கிளையின் கடைசித் தரிப்பு ஈலிங் பிராட்வே. ஸ்டேசனுக்கு எதிரே ஒரு நிலக்கீழ் அறையில்தான் 1962 மார்ச் 17இல் புளூஸ் வாத்தியக்காரர்களான அலெக்சிஸ் கோர்னரும் சிரில் டேவிஸும் ஈலிங் கிளப்பைத் தொடங்கினார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ரொக் இசைக்குழுவின் மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் பிரையன் ஜோன்ஸைச் சந்தித்ததும் அங்கேதான். மேற்கு ஈலிங் கனகதுர்க்கை அம்மன் தேருக்குப் போகிற நம் சனம் அந்தப் பக்கத்தால் எத்தனை தரம் போய் வந்திருக்கும்!

படி 4: உள்ளே போனபின்

பாஸ்போட்டைக் கையில் வைத்திருங்கள், வயது கேட்பார்கள். இருபத்தைந்துக்குக் குறைந்த முகம் என்றால் கட்டாயம் கேட்பார்கள். இடம் சின்னது என்பதால் ஒருவர் வெளியே வந்தால்தான் ஒருவர் உள்ளே என்று வரிசை நிற்கும். வெள்ளி, சனியை விட்டு வார நாளில் போங்கள்.

நான் ஒரு கதிரையைப் பிடித்துக்கொண்டு வெயிற்றர் வருவார் என்று இருபது நிமிடம் குந்தியிருந்தேன். வரமாட்டார். பாருக்கு நீங்களே போய்க் கேட்டு, அங்கேயே காசு கட்டி, கையோடு எடுத்து வர வேண்டும். குடிக்காதவர்கள் ‘லைம் அன்ட் சோடா’ கேளுங்கள். தேசிக்காய்க் கரைசலும் சோடாவும்தான், விலையும் குறைவு, யாரும் ஒரு மாதிரிப் பார்க்கவும் மாட்டார்கள்.

எங்கே கைதட்டுவது என்று பயப்பட வேண்டாம். கிற்றார்காரர் தனியாக வாசித்து முடித்ததும், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே தட்டுவார்கள். கோவில் திருவிழாவில் தவில் சமா கேட்டவர்களுக்கு இதைப் படிப்பிக்கத் தேவையில்லை. செட்டுக்கு இடையில் வாளியோ தொப்பியோ சுற்றி வந்தால் அது வாசிப்பவர்களுக்கு. ஐந்து பவுண் தாள் ஒன்றை முன்கூட்டியே மாற்றி வைத்திருங்கள்.

படி 5: வீடு திரும்புவது

நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் டிஸ்ட்ரிக்ட் லைன் படுத்துவிடும். வெள்ளி, சனி இரவில் சென்ட்ரல் லைன் விடியவிடிய ஓடும், ஸ்ட்ராட்ஃபோர்ட் வரை வரலாம். மற்ற நாட்களில் ட்ரஃபால்கர் சதுக்கம் வரை நடந்து என்15 பஸ். மாடியில் முன் சீற் கிடைத்தால் அது தனிப் பம்பல்.

பின்சேர்க்கை 1: கனடா போகிற ஒரு தம்பி, ஸ்கார்பரோவில் நின்றுகொண்டு என்ன செய்வது என்று கேட்டிருந்தார். டொரொண்டோ நகருக்குள், ஸ்பதைனா அவெனியூவில் ‘கிராஸ்மன்ஸ் டேவர்ன்’ இருக்கிறது. புளூஸுக்குப் பெயர்போன பழைய இடம். படி 2ஐ அங்கேயும் விடாதீர்கள்.

பின்சேர்க்கை 2: பெண்கள் போகலாமா என்று இருவர் கேட்டார்கள். என்னோடு மூன்றாம் தரம் வந்தது அக்காதான், அத்தான் மறுத்துவிட்டார். பாருக்கும் கதவுக்கும் நடுவில் நிற்பதைத் தவிர்த்து, சுவரோடு ஒரு மேசை பிடித்தால் இடிபாடு இல்லை.

பின்சேர்க்கை 3: காது வலித்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சொல்ல மறந்தது என் பிழைதான். மிசிசிப்பியிலிருந்து 1943இல் சிக்காகோவுக்குப் போன புளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் மின்கிற்றாருக்கு மாறியதே, கிளப்பில் சனத்தின் இரைச்சலுக்கு மேலால் கேட்க வேண்டும் என்றுதான். 1958இல் அவர் அதோடு இங்கிலாந்துக்கு வந்தபோது, இவ்வளவு சத்தமா என்று அங்கத்தைய ரசிகர்கள் சிலரே திகைத்தார்களாம். பெட்டி அறையில் ஸ்பீக்கருக்கு நேரே உட்காராதீர்கள். பூட்ஸ், சூப்பர்ட்ரக் மாதிரி மருந்துக் கடைகளில் நுரைக் காதடைப்பான் கிடைக்கும், இரண்டு சோடி வாங்குங்கள். அக்கா முதல் பாட்டிலேயே என்னுடையதைப் பறித்துப் போட்டுக்கொண்டார்.