பிச்வாய்ப் பசுக்களின் வயிறு ஏன் வெடிக்கிறது?

காரைக்குடியில் என்னிடம் பிச்வாய் பழக வருகிறவர்கள் பெரும்பாலும் தஞ்சாவூர் ஓவியம் தெரிந்தவர்கள். கை நன்றாக ஓடும். தவறு வருவதும் அந்தப் பழக்கத்தால்தான். தஞ்சாவூர்ப் படம் பலகையில் இருக்கும். பிச்வாயோ துணி, ராஜஸ்தானின் நாத்துவாராவில் கண்ணனின் வடிவமான ஸ்ரீநாத்ஜிக்குப் பின்னால் திரையாகத் தொங்கவிடுவதற்கென்றே வரைந்தது. அது மடங்கும், சுருளும். கோடு கோணுவது, தூரிகையைக் கழுவாமல் விடுவது எல்லாம் தானாகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

வெள்ளையை அப்புவது

பசுக்கள் நிறைந்த படத்தில் வெள்ளைதான் அதிக இடம் பிடிக்கும். பென்சில் கோடு தெரிகிறதே என்று ஒரே பூச்சில் கெட்டியாக அப்பிவிடுகிறார்கள். உதிரக் கூடாதென்று கருவேலம் பிசினையும் கூடுதலாக ஊற்றுகிறார்கள். காய்ந்ததும் பளபளவென்று இருக்கும். சுருட்டினால் போச்சு.

தேவகோட்டையில் ஒரு புதுமனை புகுவிழாவுக்காக, பழக வந்த ஒரு பெண் மாதக்கணக்கில் உட்கார்ந்து பெரிய படம் ஒன்று வரைந்தார். படம் உள்பக்கம் இருக்க, இறுக்கிச் சுருட்டி பஸ்ஸில் எடுத்துப்போனார். வளவில், அதாவது வீட்டு முற்றத்தில், விரித்தால் ஒவ்வொரு பசுவின் வயிற்றிலும் வெடிப்பு. முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. வெடித்த வெள்ளைக்கு மேல் பூசினால் ஒட்டுப்போட்டது தனியாகத் தெரியும், வேறு துணிதான். படித்துப் படித்துச் சொல்லியும் இதையே செய்கிறவர்களைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. உழைப்பு அத்தனையும் வீணாகிறதே!

மோர் பதத்தில் கரைத்து, மெல்லிய பூச்சுகளாக ஏற்றுங்கள். ஒன்று நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. அதே துணியில் ஒரு துண்டு வெட்டி முதலில் சோதியுங்கள். விரலால் தேய்த்தால் மாவாக வருகிறதா, பிசின் குறைவு. மடக்கினால் கீறல் விடுகிறதா, பிசின் அதிகம். அப்புறம், சுருட்டும்போது படம் வெளிப்பக்கம் இருக்கட்டும். உள்ளே தடிமனான குழாய் வையுங்கள்.

கஞ்சி போகாத மில் துணி

துவைத்து, மில் கஞ்சியைப் போக்கி, பிறகு உங்கள் கஞ்சியைப் போடுங்கள்.

மக்கு வேலை

தஞ்சாவூர்ப் படத்தில் மேடு எழுப்புகிற மக்குப் பசை துணியில் வேண்டாம். உடைந்து விழும்.

சிராவயல் காளை

சிராவயலில் மஞ்சுவிரட்டு பார்த்து வளர்ந்த கை, பசுவுக்கும் முறுக்கேறிய கழுத்தைப் போட்டுவிடுகிறது. இணையத்தில் படம் தேடுகிறவர்கள் திமிலே இல்லாத ஜெர்சியை வரைகிறார்கள். பிச்வாய்ப் பசுவுக்குத் திமில் உண்டு, கழுத்தடியில் தொங்கும் அலைதாடி உண்டு, உடம்பு சாது. கண் பெரிது; பார்வை கண்ணனை நோக்கி மேலே போகும். படம் பார்க்கிற நம்மை அது பார்க்கக் கூடாது.

அச்சுப் போன்ற கைத்தடம்

தீபாவளி அமாவாசை கழிந்த எட்டாம் நாள் கோபாஷ்டமி. அன்று பசுவை அலங்கரித்து உடம்பில் கைத்தடம் பதிப்பார்கள். படத்தில் உள்ள தடங்கள் அதுதான். சிலர் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் வரிசையாக வைக்கிறார்கள். ஆசையோடு தட்டிக்கொடுத்த கை அப்படியா பதியும்? சாயட்டும், சில விரல்கள் மங்கட்டும்.

வெயில்

வளவு வெயில் நேராக விழும் சுவரில் மாட்டாதீர்கள்.