தவணை முடிந்த மறுமாதமே சேமிப்பைத் தொடங்குங்கள்

வண்டிக்கோ போனுக்கோ கட்டிவந்த மாதத் தவணை முடியப்போகிறதா? கடைசித் தவணை போன மறுமாதமே, அதே தேதியில் அதே தொகை வேறொரு கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் கொடுத்துவிடுங்கள். கையைக் கடிக்கும் பட்ஜெட்டிலும் அவசரத்துக்கென்று பணம் சேர்க்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பணம் இல்லாமல் குடும்பம் நடத்த ஏற்கெனவே பழகியாயிற்று. புதிதாக எதையும் குறைக்க வேண்டியதில்லை. தவணை 1,500 என்றால் 12 மாதத்தில் 18,000 நிற்கும். ஆனால் ஒரு மாதம் இடைவெளி விட்டால் போச்சு, மிஞ்சிய காசு போன இடம் தெரியாமல் கரைந்துவிடும். அந்தக் கணக்கின் ஏடிஎம் கார்டைப் பர்ஸில் வைக்காதீர்கள். பணம் அனுப்பும் செயலியிலும் இணைக்காதீர்கள். அதற்காக, எளிதில் எடுக்க முடியாத வைப்பில் போட்டுப் பூட்டவும் வேண்டாம். ஆஸ்பத்திரிச் செலவு சொல்லிக்கொண்டா வருகிறது?

கிரெடிட் கார்டு பாக்கி இழுத்துக்கொண்டிருந்தால் இது சரிவராது. அதன் வட்டி, சேமிப்புக் கணக்கு தரும் வட்டியைவிடப் பல மடங்கு. கைச்செலவுக்குக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பாக்கிக்கே கட்டுங்கள். வரவு மாதாமாதம் ஏறி இறங்குகிறவர்களுக்கும் குறித்த தேதி ஒத்துவராது: கணக்கில் பணம் இல்லாத நாளில் அந்தத் தேதி வந்தால் சில வங்கிகள் கட்டணம் பிடிக்கும். அவர்கள் பணம் வரும் அன்றைக்கே ஒரு பங்கை மாற்றிவிடுவது நல்லது.