பழைய கார் காட்சிக்கும் ஓட்டத்துக்கும் முதல்முறை போகிறவர்களுக்கு: எல்லைப் பக்கத்திலிருந்து செட்டிபாளையம் வரை

கோவைக்குத் தெற்கே செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர் பந்தயத் தடம். மாருதி 800 எஞ்சினை வைத்துக் கோவையிலேயே ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கிய எஸ். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். தடத்துக்கு வைத்திருப்பது அவர் பெயர்தான். வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என எந்தக் கேரள எல்லை வழியாக வந்தாலும் காலை உணவுக்கு முன் அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம். கொழிஞ்சாம்பாறை, சித்தூர், பொள்ளாச்சிப் பக்கத்து வாசகர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறோம். பழைய கார்களுக்கான சனி, ஞாயிறு நிகழ்ச்சி வேறு எந்தத் தடத்திலோ மைதானத்திலோ நடந்தாலும் இதே முறைதான்.

முதல் படி: என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

அழைப்பிதழில் காட்சி, ரேலி, ஓட்டம் என்று மூன்றையும் கலந்து போட்டிருப்பார்கள். காட்சி என்றால் கார் நிற்கும், நடுவர்கள் வந்து மதிப்பெண் போடுவார்கள். ரேலி என்றால் பொதுச் சாலையில் வரிசையாகப் போய் வருவது. தடத்தில் ஓடுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, முந்திப் போகிறவர் ஜெயிக்கும் வழக்கமான பந்தயம். இன்னொன்று, ஒவ்வொரு சுற்றையும், குறித்த இலக்கு நேரத்தை ஒட்டி, ஒரே அளவு நேரத்தில் முடிக்கும் சீரோட்டம். நம் ஊரில் பழைய கார்களுக்குப் பெரும்பாலும் சீரோட்டம்தான் வைப்பார்கள். எழுபது வயது பிரேக்கை நம்பி வளைவில் முட்டிமோத யாரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது.

சீரோட்டத்தின் கணக்கு எளிது. 2.1 கிலோமீட்டர் சுற்றுக்கு 2 நிமிடம் 30 நொடி என்று இலக்கு வைத்தால், சராசரி வேகம் மணிக்கு 50.4 கிலோமீட்டர். 2:31, 2:29, 2:30 என்று ஓட்டுகிறவர், 2:10, 2:12, 2:09 என்று பறக்கிறவரை ஜெயிப்பார். இது தெரியாமல் போய் உட்கார்ந்தால் 'யாரும் முந்தவே இல்லையே' என்று அலுப்புத் தட்டும். கையில் ஒரு ஸ்டாப் வாட்ச் இருக்கட்டும், கைபேசியில் இருப்பதே போதும். பிடித்த ஒரு காரைத் தேர்ந்தெடுத்து, அது கோட்டைத் தாண்டும்போதெல்லாம் நேரம் குறியுங்கள். மூன்றாவது சுற்றிலேயே சுவாரஸ்யம் பிடித்துக்கொள்ளும்.

'வின்டேஜ்' என்ற சொல்லை எல்லாப் பழைய காருக்கும் போடுகிறார்கள். கார் சேகரிப்பவர்கள் கணக்கில் 1919 முதல் 1930 வரை செய்தவைதான் வின்டேஜ். அதற்குப் பிந்தியதைக் கிளாசிக் என்பது பேச்சு வழக்கு. அரசுச் சட்டத்தில் வேறு கணக்கு, அதைக் கீழே சொல்கிறோம்.

இரண்டாம் படி: என்ன எடுத்துப் போவது

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், பஞ்சுக் காதடைப்பான் (மருந்துக் கடையில் கிடைக்கும் மெத்தென்ற வகை), குழந்தைகளுக்குக் காது முழுவதையும் மூடும் வகை, தாடைப் பட்டை உள்ள தொப்பி, மூடிய காலணி. தொப்பிக்குப் பட்டை எதற்கு என்றால், இது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் நாடு. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும், மார்கழி, தையில் கிழக்கிலிருந்து திரும்பி அடிக்கும். தொப்பி பறந்து தடத்துக்குள் விழுந்தால் ஓட்டத்தையே நிறுத்த வேண்டி வரும். அதே காரணத்துக்காகக் குடையும் வேண்டாம்.

உடுப்பிலும் கவனம் வேண்டும். பெல்ட் பக்கிள், தொங்கும் கைப்பை, தோளில் ஆடும் கேமரா மூன்றும் பெயிண்டுக்குப் பகை. கார்களுக்கு நடுவே நடக்கும்போது கேமராவை மார்போடு பிடித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: எஞ்சின்கள் விழிக்கும் நேரத்துக்குப் போங்கள்

முதல்முறை வருகிறவர்கள் பெரும்பாலும் பத்து மணிக்கு வந்து நேராகக் கேலரியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். வாயில் திறந்ததும் உள்ளே போய், கார்கள் நிற்கும் பேடாக்கில் நில்லுங்கள். ஆறிய எஞ்சினை முதன்முதலாக ஸ்டார்ட் பண்ணும் அந்த ஒரு மணி நேரத்தில் காரைப் பற்றித் தெரிந்துகொள்வதில் பாதியை, கேலரியில் நாள் முழுக்க இருந்தாலும் தெரிந்துகொள்ள முடியாது.

எம்ஜி, மோரிஸ் மைனர் மாதிரி பிரிட்டிஷ் கார் பக்கத்தில் நின்றால், சாவியைத் திருப்பியதும் எஸ்யூ மின்சார பெட்ரோல் பம்ப் 'டக்டக்டக்' என்று வேகமாகத் தட்டுவது கேட்கும். கார்பரேட்டரின் மிதவைக் கிண்ணம் நிறைய நிறையத் தட்டல் மெதுவாகி, கடைசியில் நின்றுவிடும். பிறகுதான் உரிமையாளர் செல்ஃபைத் தொடுவார். தட்டல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் டேங்க் காலி, அல்லது குழாய் இணைப்பில் எங்கோ காற்று இழுக்கிறது. அம்பாசடரிலும் ஃபியட்டிலும் பெரும்பாலும் பம்பை எஞ்சினே இயக்குகிறது. அதனால் பல நாள் நின்ற வண்டியில் கிண்ணம் வற்றியிருக்கும், சில நொடி கூடுதலாகச் சுற்ற வேண்டும். பல பம்புகளின் அடியில் ஒரு சிறு நெம்பி இருக்கும். அதைக் கையால் பத்துப் பதினைந்து முறை அடித்துக் கிண்ணத்தை நிரப்பிவிட்டு ஸ்டார்ட் பண்ணுகிறவர் பேட்டரியின் அருமை தெரிந்தவர்.

கைப்பிடி போட்டுச் சுற்றுகிறவரின் கையையும் கவனியுங்கள். கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றி வளைக்காமல், மற்ற நான்கு விரல்கள் இருக்கும் பக்கத்திலேயே வைத்திருப்பார். கீழிருந்து மேலே இழுப்பார், மேலிருந்து அழுத்தமாட்டார். தீப்பொறி முந்தி விழுந்தால் எஞ்சின் எதிர்த்திசையில் உதைக்கும். கட்டைவிரல் சுற்றியிருந்தால் அது முறியும், அழுத்திக்கொண்டிருந்தால் மணிக்கட்டு போகும். ஒருமுறை சுற்றிப் பார்க்கச் சொன்னால், முதலில் இந்தப் பிடியைக் காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் புகை. காலைக் குளிரில் முதலில் வரும் வெள்ளை ஆவி ஈரம்தான், சில நிமிடத்தில் போய்விடும். போகாமல் தொடர்ந்தால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது என்று சந்தேகப்படலாம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், சோக்கைத் தள்ள மறந்திருக்கலாம். எஞ்சின் சூடேறாமல் ஆக்சிலேட்டரை முறுக்குகிற ஆளைப் பார்த்தால் அந்தக் காருக்காக வருத்தப்படலாம். ஆயில் இன்னும் மேலே ஏறியிருக்காது, பேரிங் தேய்வது அந்த அரை நிமிடத்தில்தான்.

நான்காம் படி: கேட்டுப் பாருங்கள், தொடாதீர்கள்

"அண்ணா, பானெட்டைக் கொஞ்சம் திறந்து காட்டுவீங்களா?" என்று கேளுங்கள். பாலக்காட்டுக்காரர் என்றால் "சேட்டா" என்று கூப்பிடுங்கள். மறுப்பவர்கள் குறைவு. எப்போது கேட்பது என்பதுதான் முக்கியம். ஸ்டார்ட் பண்ணும்போதும், நடுவர் வந்து நிற்கும்போதும், தடத்திலிருந்து இப்போதுதான் திரும்பியபோதும் வேண்டாம். திரும்பிப் பத்து நிமிடம் கழித்து, அவர் தண்ணீர் குடித்து முடித்ததும் போங்கள்.

'என்ன மைலேஜ், என்ன விலை' என்று தொடங்காதீர்கள். 'எந்தப் பாகம் கிடைக்க ரொம்ப அலைந்தீர்கள்?' என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்.

எதைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் இவற்றிலிருந்து தொடங்குங்கள். சென்னையில் 1961 முதல் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் முன் மட்கார்டுகளோடு சேர்ந்து பானெட் முழுவதும் முன்னோக்கிக் கவிழும். சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். 1950களின் ஃபியட் 1100இல் முன்கதவின் கீல் பின்பக்கம் இருக்கும், கதவு காற்றைப் பார்த்துத் திறக்கும். சில பிரிட்டிஷ் கார்களில் கதவுத் தூணிலிருந்து விரல் நீளக் கை ஒன்று வெளியே நீளும், அதுதான் அந்தக் கால சிக்னல். எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் பூட்டிய ஆஸ்டின் ஏ40 நின்றால் விடாமல் பாருங்கள். இன்றைய அசோக் லேலண்ட் தொடங்கியது அங்கேதான்.

ஐந்தாம் படி: கொடிகளைப் படியுங்கள்

மஞ்சள் ஆடினால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு, ஓட்டம் நின்றது. நீலம், பின்னால் வேகமான கார் வருகிறது. கறுப்பில் ஆரஞ்சு வட்டம் என்றால் 'உன் வண்டியில் ஏதோ பழுது, உள்ளே வா'. பழைய கார்களில் சைலன்சர் தொங்குவதும் ஆயில் கசிவதும் சாதாரணம், அதனால் இதை அடிக்கடி காணலாம். மஞ்சளில் சிவப்புப் பட்டைகள் என்றால் தடம் வழுக்குகிறது, யாரோ ஆயிலைச் சிந்தியிருக்கிறார்கள். அந்தக் கொடி வந்ததும் அடுத்த வளைவை உற்றுப் பாருங்கள். ஓட்டுநர்களின் திறமை தெரிவது அங்கேதான். வளைவின் வெளிப்புற ஓரத்தில் மட்டும் நிற்காதீர்கள். பிடி விட்ட கார் வந்து சேரும் இடம் அது.

வீட்டில் ஒரு பழைய கார் நிற்கிறதா? ஓட்டிக்கொண்டே வாருங்கள்

அப்பா வாங்கிய அம்பாசடர் கொட்டகையில் நின்றால், பார்வையாளராக வருவதைவிட இதுவே மேல். இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள்.

முதலில் டயர். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும், ஆறேழு வருடம் தாண்டிய டயரில் வெடிப்புகளைத் தேடுங்கள். நிறுத்தியே வைத்த வண்டியில் ரப்பர் இறுகிவிடும். ஸ்டெப்னியையும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்து பிரேக். நான்கும் டிரம், பெரும்பாலும் ஒரே குழாய்ச் சுற்று. ஒரு சிலிண்டர் ஒழுகினால் மிதி தரையைத் தொடும். நான்கு டிரம்மையும் கழற்றி ஒழுகல் பாருங்கள், ஆயிலைப் புதிதாக மாற்றுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி மிதி பஞ்சு மாதிரி அமுங்கும்.

மூன்றாவது பெட்ரோல். இப்போது பம்பில் கிடைப்பது எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாயையும் பம்பின் சவ்வையும் அது ஊறவைத்து வெடிக்கவிடும், நாள்பட நின்றால் தண்ணீரையும் சேர்க்கும். எத்தனால் தாங்கும் குழாய் மாற்றுங்கள், பழைய பெட்ரோலை வடியுங்கள், புறப்படும் முந்தின நாள் புதிதாக நிரப்புங்கள். குழாய்க்கு ஆகும் செலவைச் சேமிக்க நினைக்காதீர்கள். எஞ்சினில் தீ பிடிப்பது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

பாயிண்ட் (பிளக்குக்குத் தீப்பொறி வரவைக்க மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) இடைவெளி அம்பாசடரின் லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர், பிளக்கில் 0.6. ஃபீலர் கேஜ் இல்லாத அவசரத்தில் தடித்த விசிட்டிங் கார்டு பாயிண்டுக்கு உதவும்.

டிக்கியில்: தண்ணீர் 5 லிட்டர், எஞ்சின் ஆயில் 1 லிட்டர், பிரிக்காத பிரேக் ஆயில் பாட்டில், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர், தீயணைப்பான், சக்கரத்துக்கு அடைக்க இரண்டு மரக்கட்டை, பழைய துணி. ஸ்பானரில் பலர் தவறுவார்கள். அம்பாசடருக்கு அங்குல ஸ்பானர், ஃபியட்டுக்கு மில்லிமீட்டர். மாற்றிப் போட்டால் நட்டின் முனை வழுக்கி உருண்டையாகிவிடும், நடுவழியில் அதைக் கழற்ற முடியாது.

ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் நடப்பில் இருக்க வேண்டும். முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டிய, அசல் மாறாத வண்டிக்கு 2021 முதல் 'விஏ' எழுத்துள்ள தனிப் பதிவு உண்டு. கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், புதுப்பிக்க 5,000. ஆனால் அந்த எண் வாங்கிய வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. காட்சி, ரேலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்ற காரணங்களுக்கு மட்டும்தான் சாலையில் இறக்கலாம். அவ்வப்போது குடும்பத்தோடு ஓட்ட விரும்புகிறவர்கள் வழக்கமான ஆர்சியையே புதுப்பித்து வைத்துக்கொள்வது நல்லது.

விடிந்ததும் புறப்படுங்கள். மணிக்கு 50, 55 போதும். அரை மணிக்கு ஒருமுறை நிறுத்தி, சக்கர மையத்தின் அருகில் கையைக் கொண்டுபோய்ச் சூடு பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அந்த பிரேக் ஷூ ஒட்டுகிறது.

ஓடும்போது நன்றாக இருந்து, நெரிசலில் ஊர்ந்ததும் நின்று, மறுபடி பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்திருக்கும். செல்ஃபை அடித்துக்கொண்டே இருந்தால் பேட்டரிதான் தீரும். பானெட்டைத் திறந்து, ஈரத்துணியை பம்பின் மேலும் குழாயின் மேலும் சுற்றி, கால் மணி நேரம் காத்திருங்கள். சூடான வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், விரிசல் விடும். ஆறியும் பிடிக்காவிட்டால் கண்டென்சரை மாற்றிப் பாருங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது.

மைதானத்தில் நிறுத்தியதும் அடியில் ஒரு தகரத் தட்டோ தடித்த அட்டையோ வையுங்கள், ஆயில் சொட்டுவதை அது வாங்கிக்கொள்ளும். இரவு தங்கினால் கைபிரேக்கைப் போட்டு விடாதீர்கள், ஈரத்தில் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். தூசி படிந்த காரின் மேல் உறையும் வேண்டாம். காற்றில் உறை ஆட ஆட, உள்ளே சிக்கிய மணல் உப்புத்தாள் மாதிரி பெயிண்டைத் தேய்க்கும். காலையில் இறகுத் துடைப்பத்தால் தட்டி, ஈரத் தோலால் ஒற்றி எடுங்கள். நடுவர் வருமுன் அவ்வளவு போதும்.

ஞாயிறு மதியம் நேரம் மிஞ்சினால் கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் ஜீடீ கார் மியூசியம் இருக்கிறது. திறக்கும் நேரத்தை முன்னமே கேட்டுக்கொண்டு போங்கள். வெயில் தாழ்ந்த பிறகு வாளையாறு பக்கம் திரும்புங்கள். பழைய டைனமோ வண்டியில் முகப்பு விளக்கு எஞ்சின் வேகம் குறைந்தால் மங்கும் என்பதால், இருட்டுவதற்குள் வீடு சேரும்படி நேரத்தைக் கணக்கிடுங்கள்.