நியூட்ரான் விண்மீனுக்குள் என்ன இருக்கிறது: அளவீடுகளைப் படிப்பது எப்படி

நியூட்ரான் விண்மீன் என்பது பெரிய விண்மீன் வெடித்தபின் எஞ்சும், பெரும்பாலும் நியூட்ரான்களால் ஆன இறுகிய உள்ளகம். அதைப் பற்றிப் புதிதாக ஏதாவது செய்தி வந்தால் முதலில் இரண்டு எண்களைத் தேடுங்கள்: நிறை, ஆரம். இரண்டும் ஒரே விண்மீனுக்குக் கிடைத்திருந்தால்தான் உள்ளிருக்கும் பொருளைப் பற்றி உருப்படியாகப் பேச முடியும்.

நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.4 சூரிய நிறை, 12 கி.மீ. ஆரம். நிறையைக் கன அளவால் வகுத்தால் கன மீட்டருக்குச் சுமார் 4×10¹⁷ கிலோ வரும். அணுக்கருவின் அடர்த்தியோ சுமார் 2.7×10¹⁷. சராசரியே அணுக்கருவை மிஞ்சிவிட்டது, மையத்தில் இன்னும் பல மடங்கு இருக்கும். பூமியில் கனமான அணுக்கருக்களை மோதவிட்டால் அடர்த்தி கூடும்தான், ஆனால் கடும் வெப்பமும் கூடவே வந்துவிடும். இவ்வளவு அடர்த்தியைக் குளிர்ந்த நிலையில் பார்க்க இந்த விண்மீன்களை விட்டால் வேறு வழியில்லை.

அடுத்து, நிறை எவ்வளவு பெரியது என்று பாருங்கள். என்னைக் கேட்டால் இதுதான் ஆகச் சிறந்த துப்பு. 1939-ல் இயற்பியலாளர்கள் ஓப்பன்ஹைமரும் வோல்காஃபும், நியூட்ரான்களுக்கிடையே செயல்படும் அணுக்கரு விசையைச் சேர்க்காமல் போட்ட கணக்கில், சரிந்துவிடாமல் தாங்கக்கூடிய உச்ச நிறை சுமார் 0.7 சூரிய நிறைதான் வந்தது. 2010-ல் ஜே1614-2230 என்ற பல்சர் (சுழலும்போது சீரான துடிப்புகளாகக் கதிர்வீச்சு வந்து சேரும் நியூட்ரான் விண்மீன்) கிட்டத்தட்ட 2 சூரிய நிறை கொண்டது என்று தெரியவந்தது: அதன் துடிப்புகள் துணையாக உள்ள வெள்ளைக் குள்ளனுக்கு (சிறிய விண்மீனின் எச்சம்) அருகே கடந்து வரும்போது ஈர்ப்பால் துளி தாமதமாகின்றன, அந்தத் தாமதத்தை அளந்தார்கள். அப்படியானால் மிக நெருங்கிய நியூட்ரான்கள் ஒன்றையொன்று பலமாகத் தள்ளுகின்றன. மையம் எளிதில் அமுங்கிவிடும் என்று சொன்ன பல மாதிரிகள் இந்த ஒரே அளவீட்டில் விழுந்தன.

ஆரம் கிடைப்பதுதான் கஷ்டம். விண்வெளி நிலையத்தில் உள்ள நைசர் தொலைநோக்கி, சுழலும் விண்மீனின் சூடான புள்ளிகளிலிருந்து வரும் எக்ஸ் கதிர் ஏறி இறங்குவதைப் பார்த்து ஆரத்தைக் கணிக்கிறது. சுமார் 2.1 சூரிய நிறை கொண்ட ஜே0740+6620-க்கு 2021-ல் இரு குழுக்கள் தனித்தனியே 12.4, 13.7 கி.மீ. என்று சொன்னார்கள். பிழை வரம்பையும் சேர்த்தே படியுங்கள், அது ஒரு கி.மீ.க்கு மேல் போகும். அப்புறம், 2017 ஆகஸ்ட் 17-ல் இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதால் பதிவான ஈர்ப்பலையையும் (வெளியில் பரவும் ஈர்ப்பின் அதிர்வு) மறக்காதீர்கள். மோதும் முன் ஒன்றின் ஈர்ப்பால் மற்றொன்று அதிகம் உருக்குலையவில்லை, அதனால் ஆரத்தை மிகப் பெரிதாகக் காட்டிய மாதிரிகளும் அடிபட்டன.

சரி, 'குவார்க் மையம்' என்று, அதாவது மையத்தில் நியூட்ரான்களே உடைந்து அவற்றுக்குள் உள்ள குவார்க் துகள்களாகிவிட்டன என்று தலைப்பு வந்தால்? அணுக்கரு அடர்த்தியைப் போல் ஒன்றிரண்டு மடங்கு வரைதான் கோட்பாட்டுக் கணக்கு நம்பகமானது. அதற்கு மேல் எந்த அனுமானத்தை வைத்து நீட்டினார்கள், அதை மாற்றினால் முடிவும் மாறுகிறதா என்று பாருங்கள்.