ஐஸ்லாந்தின் க்யோலுர் பாதையில் சைக்கிள்

குல்ஃபாஸ் அருவியைத் தாண்டி வடக்கே போகும் 35-ஆம் எண் சாலைதான் க்யோலுர் பாதை. இதில் பெரிய ஆறுகளுக்குப் பாலம் உண்டு. மலைப்பாதைக்குப் புதியவர்கள் இதில் தொடங்கலாம். குளிர்காலத்தில் மூடிக்கிடக்கும் இந்தச் சாலை திறப்பது பெரும்பாலும் ஜூனில்தான்.

டயர் 2 அங்குலமாவது இருக்கட்டும். எரிமலை மணலில் புதைந்தால் காற்றைக் கொஞ்சம் இறக்குங்கள். கல் பாதை வந்ததும் மறுபடி அடியுங்கள், இல்லையென்றால் ரிம் இடித்து டியூப் கிழியும்.

சாலை நெடுக வரிவரியாக மேடுபள்ளம். அந்த அதிர்வில் முதலில் கழல்வது கேரியர் போல்ட். பெரும்பாலும் எம்5 (5 மி.மீ. தடிமன்) தான். தினமும் மாலை 4 மி.மீ. ஆலன் கீயால் (அறுகோணச் சாவி) இறுக்குங்கள், நாலைந்து உபரியாக வையுங்கள். எண்ணெயில் ஒட்டும் கருந்தூசி செயினை அரைத்துவிடும்: துடைத்த பிறகே எண்ணெய், அதுவும் கண்ணிக்கு ஒரு சொட்டு.

அடுப்புக்கான கேஸ் குப்பியை விமானத்தில் ஏற்றவிடமாட்டார்கள், தலைநகர் ரெய்க்யவிக்கில் வாங்குங்கள். நடுவழியில் க்வேராவெட்லிர் வெந்நீர் ஊற்றருகே கூடாரம் போடலாம். சாப்பாடு மட்டும் தேவைக்கு மேல் இன்னும் ஒரு நாளுக்கு இருக்கட்டும், எதிர்காற்று பிடித்தால் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும்.