பல்லுக்கு கிளிப் போட்டவர்கள் வீட்டில் செய்யும் தவறுகள்

கிளிப் போட்டவுடன் பெரிதாக ஒன்றும் தெரியாது. நாலைந்து மணி நேரம் கழித்துத்தான் வலி ஆரம்பிக்கும். மறுநாள் இட்லியைக் கடித்தால்கூடப் பல் வலிக்கும். அதுதான் உச்சம். அப்புறம் குறைந்து, பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். ஒவ்வொரு முறை கம்பியை இறுக்கும்போதும் இப்படித்தான். பல் லேசாக ஆடுவது போலவும் இருக்கும். பல் நகர்வதால் வருவது அது, பயப்பட வேண்டாம்.

இது தெரியாத வீடுகளில், முதல் ராத்திரியே கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் நனைத்து ஈறில் வைத்துவிடுகிறார்கள். நீர்க்காத கிராம்பு எண்ணெய் ஈறைப் பொசுக்கி, வலியோடு புண்ணையும் சேர்த்துக் கொடுக்கும். மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் மட்டும் கொடுக்கவே கூடாது. அதனால் ரேய் சிண்ட்ரோம் என்று மூளையையும் கல்லீரலையும் தாக்கும் நோய் வரலாம். அரிதுதான், ஆனால் உயிருக்கே ஆபத்து.

கிளிப் உரசிக் கன்னத்தின் உட்புறம் புண்ணானால், கிளிப்பில் உரசும் இடத்தின் மேல் மெழுகு வைக்க வேண்டும். பிள்ளைகள் பலர் "அது நிக்கவே மாட்டேங்குது" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். எச்சில் ஈரத்தின் மேல் வைத்தால் எப்படி நிற்கும்? முதலில் பிராக்கெட்டை, அதாவது பல்லில் ஒட்டிக் கம்பியைத் தாங்கும் சின்னத் துண்டை, டிஷ்யூவால் ஒற்றி உலர்த்துங்கள். பட்டாணி அளவு மெழுகை விரலில் உருட்டி, இளகியதும் அதன் மேல் அழுத்துங்கள். சாப்பிடும் முன்பும் பல் துலக்கும் முன்பும் எடுத்துவிட வேண்டும். தவறி விழுங்கினாலும் கெடுதல் இல்லை. ஆனால் அது கிளிப்புக்கென்று விற்கும் மெழுகாக இருக்கட்டும், மெழுகுவத்தித் துண்டு வேண்டாம். புண்ணுக்கு, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளிப்பது நல்லது.

கம்பி நுனி குத்தினால் உடனே நெயில் கட்டரைத் தேடாதீர்கள். வெட்டுப்பட்ட துண்டு தொண்டைக்குள் போய்விடலாம். சுத்தமான பட்ஸ் நுனியால் கம்பியை மெல்லப் பல்லோடு அழுத்திப் பாருங்கள்; மடங்கவில்லை என்றால் மெழுகால் மூடிவிட்டு கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள். கழன்ற பிராக்கெட்டை ஃபெவிக்விக் போட்டு ஒட்டவே கூடாது. அதைப் பத்திரமாக எடுத்துவைத்து, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் சொல்லிவிடுங்கள். பிராக்கெட் இல்லாத பல் தாறுமாறாக நகரலாம். துண்டு எதையாவது விழுங்கி இருமலோ மூச்சுத் திணறலோ வந்தாலும், முகம் வீங்கிக் காய்ச்சல் அடித்தாலும் நேராக மருத்துவமனைக்குத்தான்.

முறுக்கு, கடலை மிட்டாய், கரும்பு, ஐஸ் கட்டி, எலும்பு கடிப்பது எல்லாம் பிராக்கெட்டைப் பெயர்க்கும். கொய்யாவைச் சின்னத் துண்டாக நறுக்கிக் கொடுங்கள்.

கிளிப்பில் மாட்டும் குட்டி ரப்பர் பேண்டை ஒரு நாள் மறந்துவிட்டு மறுநாள் இரண்டாக மாட்டுகிற பிள்ளைகளும் உண்டு. அப்படிச் செய்தால் பல் நகரும் வேகம் அதிகரிக்காது, பல்லின் வேர்தான் சிரமப்படும். மருத்துவர் 22 மணி நேரம் என்று சொல்லியிருந்தால், சாப்பிடவும் துலக்கவும் மட்டும் கழற்ற வேண்டும்.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. வலிக்கிறது, ஈறில் ரத்தம் வருகிறது என்று பல் துலக்குவதையே குறைத்துவிடுகிறார்கள். ரத்தம் வருவதே பெரும்பாலும் அழுக்கு சேர்ந்து ஈறு வீங்கியதால்தான். நிறுத்தினால் இன்னும் கூடும். பிராக்கெட்டைச் சுற்றி அழுக்கு தங்கினால் பல்லின் சுண்ணாம்புச் சத்து கரைந்து வெள்ளைத் திட்டு விழும். அதற்கு ஒரு மாதமே போதும். கிளிப்பைக் கழற்றும் நாளில், வரிசையான பற்களின் மேல் பிராக்கெட் இருந்த இடம் மட்டும் தனியாகத் தெரியும். சுற்றிலும் திட்டுத் திட்டாக இருக்கும். அவை முழுதாக மறைவது கடினம்.

மென்மையான பிரஷ், ஃபுளோரைடு பேஸ்ட் போதும். பிராக்கெட்டுக்கு மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை சாய்த்துத் துலக்கி, கம்பிக்கு அடியில் இடுக்கு பிரஷை (பல் இடுக்கில் நுழையும் சின்ன பிரஷ்) விட்டு எடுக்க வேண்டும். துலக்கியதும் கண்ணாடி முன் உதட்டைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பிராக்கெட்டின் ஓரம் மங்கலாகத் தெரிந்தால், அங்கே இன்னொரு முறை பிரஷ் போக வேண்டும்.