குவாரி வேட்டா, நிலநடுக்கமா? வீடு லேசா ஆடுனா என்ன பண்ணணும்

நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வீடு அதிர்ந்தா யாருக்கும் பூகம்பம்னு தோணாது, "குவாரில வேட்டு வெச்சிருப்பாங்க"ன்னு சொல்லிட்டு காபியை குடிச்சிட்டே இருப்போம். 2018 ஜூலை 22 காலைல சேலம், தருமபுரி பக்கம் 3.3 அளவுல ஆடுனப்ப நானும் அதேதான் சொன்னேன், எங்கம்மாதான் "ஞாயித்துக்கிழமை காலங்காத்தால எவன்டா வேட்டு வைப்பான்"னு கேட்டுச்சு.

கேள்வி சரிதான், அதனால அதிர்வு நின்ன உடனே போன்ல மணி பாருங்க. நிமிஷத்தோட குறிச்சு வைங்க, எத்தனை செகண்ட் ஆடுச்சு, எது ஆடுச்சுன்னும் ரெண்டு வார்த்தை. அரை மணி நேரம் போனா வீட்ல நாலு பேரும் நாலு டைம் சொல்லுவாங்க.

வேட்டுன்னா பெரும்பாலும் பகல்லதான், ஒரே அடி, சத்தம் காத்துல வரும், ஜன்னல் கடகடன்னுட்டு உடனே அடங்கிடும். நிலநடுக்கம் தரை வழியா வரும், முதல்ல கீழ இருந்து ஒரு தூக்கு, அப்புறம் பக்கவாட்டுல ஆட்டம், தொங்கற லைட்டும் குடத்து தண்ணியும் அதுக்கப்புறமும் கொஞ்ச நேரம் ஆடிட்டே இருக்கும். அந்த முதல் தூக்குக்கும் ஆட்டத்துக்கும் நடுவுல எத்தனை செகண்டுன்னு எண்ண முடிஞ்சா அதை எட்டால பெருக்குங்க, உத்தேசமா அத்தனை கிலோமீட்டர் தள்ளி நடந்திருக்கு. படுத்திருந்தவங்களுக்கும் மாடில இருந்தவங்களுக்கும் நல்லா தெரியும், வண்டி ஓட்டிட்டு இருந்தவருக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது, அதனால "எனக்கு தெரியலயே"ன்னு சொல்ற பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட சண்டைக்கு போகாதீங்க. ஓசூர்க்காரங்களுக்கு இன்னொரு குழப்பமும் இருக்கு, 2020 மே 20 பெங்களூர்ல எல்லாரையும் பயமுறுத்துன சத்தம் கடைசில விமானப்படையோட சோதனை விமானம் ஒலியை விட வேகமா பறந்ததால வந்ததுன்னு தெரிஞ்சுது.

ஆடும்போது ஓடாதீங்க, நிறைய பேருக்கு அடிபடறது படிக்கட்டுலயும் வாசல்லயும்தான். டேபிளோ கட்டிலோ இருந்தா அடியில போய் அதோட காலை பிடிச்சுக்கோங்க, இல்லன்னா தலையை கையால மூடிட்டு உள்பக்க செவுத்தோரம் குனிஞ்சுக்கோங்க. பரண்ல பித்தளை அண்டா அடுக்கி வெச்சிருந்தா அதுக்கு நேர் கீழ மட்டும் வேணாம். பழைய மண் செவுத்து ஓட்டு வீடு, ரெண்டு எட்டுல வெளிய வந்துடலாம்னா வந்துடுங்க, ஆனா நேரா திறந்த இடத்துக்கு வாங்க, சீட் மேல பாரத்துக்கு வெச்ச கல்லு, கைப்பிடிச்சுவர், வேலிக்கு நட்ட கல்லுக்கால் இது பக்கத்துல எல்லாம் நிக்காதீங்க.

நின்னதும் கேஸ் ரெகுலேட்டரை மூடுங்க, வாசனை வந்தா சுவிட்சை தொடாதீங்க. திரும்ப ஆடலாம், அது பெரும்பாலும் முதல் ஆட்டத்தை விட சின்னதா இருக்கும். "இன்னைக்கு ராத்திரி 12 மணிக்கு திரும்ப வருதாம்"னு வாய்ஸ் மெசேஜ் வரும், டைம் சொல்லி நிலநடுக்கத்தை கணிக்க உலகத்துல யாராலயும் முடியாது, அதை அழிச்சிட்டு தூங்குங்க. யாருக்காவது அடிபட்டா 108, மாவட்ட கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

உறுதி பண்ணிக்க டெல்லில இருக்கற தேசிய நில அதிர்வு மையத்தோட சைட்டையோ பூகம்ப் ஆப்பையோ பாருங்க, நீங்க குறிச்ச டைம் இங்கதான் உதவும். ஊர் பேரை பாத்து "நம்ம ஊர் இல்ல"ன்னு மூடிடாதீங்க. 2021 நவம்பர் 29 விடியக்காலைல வந்த 3.6 வேலூர் பேர்லதான் இருக்கு, ஆனா வேலூருக்கு மேற்கு தென்மேற்கே 59 கிலோமீட்டர்னு போட்டிருந்தாங்க, மேப்ல வெச்சு பாருங்க, வாணியம்பாடி பக்கம் வரும், கிருஷ்ணகிரிக்கும் ஏறக்குறைய அதே தூரம்தான். லிஸ்ட்ல வரலன்னா அமெரிக்க புவியியல் ஆய்வு மையத்தோட சைட்லயும் பாருங்க, அங்க நீங்க உணர்ந்ததை பதிவு பண்ண ஃபார்மும் இருக்கு.

கடைசியா செவுத்தை பாருங்க. விரிசல் இருந்தா அது இன்னைக்கு வந்ததா, போன வெயில்ல வந்ததான்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது, அதனால ரெண்டு முனையிலயும் பென்சில்ல கோடு போட்டு தேதி எழுதிடுங்க, கோட்டை தாண்டுனா இன்ஜினியரை கூப்பிடுங்க. எங்க அடுப்படி செவுத்துல 22.7.18னு எழுதுனது இன்னும் இருக்கு, விரிசல் அங்கயேதான் நிக்குது, பெயிண்ட் அடிக்க வந்தவரைத்தான் அந்த இடத்துல கை வைக்க எங்கம்மா விடல.